பல்பு நல்லாத்தான் இருக்கு

பழைய புல்லட்டின் முகத்தை நேரே நின்று பார்த்தால், பெரிய விளக்குக்கு மேலே இரு பக்கமும் குரோம் வளையம் போட்ட இரண்டு குட்டி விளக்குகள் தெரியும். அலங்காரத்துக்கு வைத்தவை என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1954-இல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஆலையில், ஹெட்லைட், ஸ்பீடாமீட்டர், ஆம்ப் மீட்டர், சுவிட்ச் எல்லாவற்றையும் ஃபோர்க்கின் தலையில் ஒரே வார்ப்புக்குள் அடக்கியபோது இந்த இரண்டும் கூடவே வந்து உட்கார்ந்தன. மறுவருடம் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா பிறந்து, திருவொற்றியூரில் வண்டி கட்டத் தொடங்கினார்கள். ரெட்டிட்ச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. குட்டி விளக்குகள் மட்டும் இன்றைக்கும் சென்னை புல்லட்டின் நெற்றியில் இருக்கின்றன. பழைய வண்டி மெக்கானிக்குகள் இருக்கும் சென்னைப் புதுப்பேட்டையில் அவற்றின் பெயர் பைலட்.

புதுப்பேட்டைக்கு நான் போனதே இந்த பைலட்டுக்காகத்தான். பழைய வண்டிகளின் என்ஜினைப் பிரித்து மேய்கிற மெக்கானிக்குகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வயரைத் தொடுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மெக்கானிக்குகளே அவர்களைத் தனி ஜாதியாகத்தான் வைத்திருக்கிறார்கள். “அது கரண்டு வேலை, பாய்கிட்ட போங்க” என்று கைகாட்டிவிடுவார்கள்.

பாயின் கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு மேசை, சுவர் நிறைய ஆணி, ஆணி நிறைய வயர். அறுபதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, வேலை வரும்போது மட்டும் கீழே இறக்குகிறார். நான் போனபோது எண்பதுகளின் தொடக்கத்தில் செய்த ஒரு புல்லட் வெளியே நின்றிருந்தது. ஆறு வோல்ட் வண்டி. கருப்புப் பெயின்ட்டில் முகம் பார்க்கலாம். சொந்தக்காரர் முப்பது வயதுக்குள் இருப்பவர், மென்பொருள் வேலை. அப்பாவின் வண்டியை மொத்தமாகப் பிரித்துப் புதுசாக்கியிருக்கிறார்.

“பாய், எல்லாம் பண்ணிட்டேன். இந்த ரெண்டு பைலட் மட்டும் எரியவே மாட்டேங்குது. பல்பு மாத்தி மாத்திப் பாத்துட்டேன்.”

“என்ன பல்பு தம்பி போட்ட?”

அவர் நீட்டிய பல்பைப் பாய் வாங்கி, கண்ணாடியை இறக்கி, அடிப்பாகத்தைப் படித்தார். பன்னிரண்டு வோல்ட். ஆறு வோல்ட் பேட்டரியில் அதைப் போட்டால் எரியாமல் இருக்காது. ஆனால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது, கம்பி மட்டும் சிவந்து நிற்கும். இதையே திருப்பிச் செய்தால், அதாவது பன்னிரண்டு வோல்ட் வண்டியில் ஆறு வோல்ட் பல்பைப் போட்டால், சுவிட்சைப் போட்ட நொடியில் பல்பு போய்விடும். இரண்டுக்கும் ஒரே ஒன்பது மில்லிமீட்டர் பித்தளைத் தலை, எதிரெதிரே ஒரே உயரத்தில் இரண்டு முளை. ஹோல்டருக்கு வித்தியாசம் தெரியாது. எந்த ஊர்க்காரர் கண்டுபிடித்த ஏற்பாடோ, கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

“இது இல்ல, இதுக்கு முன்னாடி போட்டது?”

இளைஞர் பையிலிருந்து இன்னும் சில பல்புகளை எடுத்துக் கொடுத்தார். அடுத்து நடந்ததைத்தான் நான் பார்க்க வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பாய் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மெல்லத் திருப்பி, மேசையில் வைத்தார். ஒன்றின் கண்ணாடி உள்பக்கம் கருத்திருந்தது. கம்பியின் டங்ஸ்டன் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்த கருப்பு அது. வயதாகிச் செத்த பல்பு, அல்லது அதிக வோல்ட் குடித்துச் சீக்கிரம் மூப்படைந்த பல்பு. வோல்ட் ஐந்து சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். இன்னொன்றில் பால் கொட்டியது போல் வெள்ளைப் படிவு. உள்ளே காற்று புகுந்து கம்பி பொடியாகியிருக்கிறது. மூன்றாவதில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது, கம்பி மட்டும் நடுவில் துண்டாகி ஆடியது. “இது குலுங்கிச் செத்தது” என்றார் பாய். எழுபது மில்லிமீட்டர் அகலம், தொண்ணூறு மில்லிமீட்டர் ஓட்டம் கொண்ட ஒற்றைச் சிலிண்டர். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் நொடிக்கு இருபத்தைந்து அடி. பைலட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் தண்ணீர் புகாமல் இருக்க மட்டுமல்ல, இந்த அடியைத் தாங்கவும்தான். ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டால் அடி முழுக்கக் கம்பிக்குப் போகும்.

கடைசி இரண்டையும் அவர் ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடி தெளிவு, கம்பி முழுசு, ஆறு வோல்ட்.

“பல்பு நல்லாத்தான் இருக்கு.”

இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலிப்பு இருந்தது. வேலை இனிமேல்தான் ஆரம்பம் என்பது அவருக்குத் தெரியும்.

ஹெட்லைட் வளையத்தின் ஒற்றைத் திருகைக் கழற்றி, விளக்கை வெளியே தொங்கவிட்டார். உள்ளே வண்டியின் குடல் முழுக்கக் கிடந்தது. மேசையில் நல்ல மல்ட்டிமீட்டர் ஒன்று இருந்தும் அதைத் தொடவில்லை. ஒரு பழைய ஹோல்டரில் பல்பு மாட்டி, இரண்டு பக்கமும் வயர் இழுத்து, ஒரு முனையில் முதலைக் கிளிப்பும் மறு முனையில் கூரான கம்பியும் வைத்த டெஸ்ட் லேம்ப்தான் எடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

“சார், வயர்ல ஒரே ஒரு நரம்பு ஒட்டிக்கிட்டு இருந்தாக்கூட மீட்டர் ஆறு வோல்ட்டு காட்டும். அது கரண்டு இழுக்காது, சும்மா மோந்து பாக்கும். லேம்ப் அப்படி இல்ல. இழுத்துப் பாக்கும். தாங்கலன்னா எரியாது. பொய் சொல்லாது.”

பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாக விளக்குகிற விஷயம். இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

கிளிப்பை பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, கம்பியை பைலட் ஹோல்டரின் உடம்பில் தொட்டார். எரியவில்லை. வார்ப்பின் விளிம்பில் தொட்டார். எரியவில்லை. கீழே சேசிஸில் ஒரு நட்டின் மேல் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. இளைஞரைத் திரும்பிப் பார்த்தார்.

“பெயின்ட்டு எங்க தம்பி அடிச்ச?”

விஷயம் இதுதான். பழைய வண்டிகளில் விளக்குக்குப் போகிற கரண்டுக்கு வயர் உண்டு. திரும்பி வர வயர் கிடையாது. இரும்பு உடம்பே திரும்பும் வழி; அதற்குப் பெயர்தான் எர்த். ஹோல்டரிலிருந்து வார்ப்புக்கு, வார்ப்பிலிருந்து ஹேண்டில்பார் தண்டின் குண்டுகள் வழியாக சேசிஸுக்கு, அங்கிருந்து பேட்டரிக்கு. புதுப் பெயின்ட் அடிக்கும்போது எல்லா மூட்டிலும் பெயின்ட் இறங்கிவிடும். குண்டுகளுக்குப் புதுசாகக் கிரீஸ் வைப்பார்கள். பெயின்ட்டும் கரண்டைத் தடுக்கும், கிரீஸும் தடுக்கும். வண்டி அழகாகிறது, எர்த் போய்விடுகிறது. புதுசாக்கிக் கொண்டுவருகிற வண்டிகளில் பாய் பார்க்கிற பாதி வேலை, அழகான பெயின்ட்டை யார் கண்ணிலும் படாத இடத்தில் சுரண்டுவதுதான். இளைஞர் முகம் கோணியது. எனக்கும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆறு வோல்ட்டில் இது இன்னும் மோசம். இருபத்தோரு வாட் பிரேக் லைட்டுக்கு ஆறு வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் ஓட வேண்டும். பன்னிரண்டு வோல்ட்டில் அதில் பாதி போதும். ஒரு துருப்பிடித்த மூட்டில் அரை வோல்ட் தொலைந்தால் மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போச்சு; விளக்கோ கால்வாசி வெளிச்சத்தை இழக்கும். அதே மூட்டு பன்னிரண்டு வோல்ட் வண்டியில் இருந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. “ஆறு வோல்ட்டு மங்கலா எரியும்” என்று எல்லாரும் வோல்ட்டைத் திட்டுகிறார்கள். பாதி குற்றம் மூட்டுகளுடையது.

பாய் உப்புத்தாளால் ஹோல்டர் உட்காரும் இடத்தை உலோகம் தெரியத் தேய்த்தார். பிறகு, இரண்டு ஹோல்டரின் உடம்பிலிருந்தும் ஒரு கருப்பு வயர் இழுத்து, ஒன்றாக முறுக்கி, ஈயம் வைத்து, நேரே பேட்டரி மைனஸுக்குக் கொண்டுபோனார். ஹேண்டில்பார் முழுக்கத் திரும்பும் அளவுக்கு வயரில் தொய்வு விட்டார். அந்த இடத்தில்தான் பழைய வயர்கள் மடிந்து மடிந்து உள்ளே அறுகின்றன. ஹேண்டிலைத் திருப்பும்போது விளக்கு சிமிட்டினால் அங்கே தேடு என்று, கடையில் வேலை பழகும் பையனுக்கு ஒரு பாடமும் நடந்தது.

பல்பின் அடியில் இருக்கும் ஈயப் பொட்டு ஸ்பிரிங் அழுத்தித் தட்டையாகியிருந்தது. சால்டரிங் அயர்னால் அதில் ஒரு சொட்டு ஈயம் ஏற்றி மேடாக்கினார். கொஞ்சம் வாஸ்லின் தடவி மாட்டினார். இரண்டு பைலட்டும் எரிந்தன. ஆம்ப் மீட்டர் முள் மைனஸ் பக்கம் லேசாக அசைந்தது. மூன்று வாட் பல்பு இரண்டு, ஆளுக்கு அரை ஆம்பியர்.

இளைஞர் அதோடு விடவில்லை. எல்.இ.டி. போடலாமா என்றார். பழைய ஆள், மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். பாய்க்கு அந்த வீம்பெல்லாம் இல்லை. “பின்னாடி போடு. பேட்டரி மிஞ்சும், பின்னால வர்றவனுக்கும் தெரியும். ஆனா சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.இ.டி.தான் வாங்கணும். வெள்ள போட்டா மங்கிடும். இண்டிகேட்டர்ல போட்டுட்டு வந்து சிமிட்டலன்னு நிக்காத.” இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பழைய பிளாஷர் சூட்டில் வேலை செய்வது. பல்பு இழுக்கிற கரண்டுதான் அதைச் சுட வைக்கும். எல்.இ.டி. இழுக்கிற துளியில் அதற்குச் சுரணையே வராது. முன்னால் என்ன போடுவது என்பதில் பாய்க்கு அபிப்பிராயம் இல்லை. எனக்கு இருக்கிறது: அந்த மஞ்சள் வெளிச்சம் இல்லாத பைலட் ஒரு புல்லட்டின் முகத்தில் ஒட்டாது.

பக்கத்தில் ஒரு யெஸ்டியின் பின்விளக்கோடு பையன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பிரேக்கும் பார்க்கிங்கும் ஒரே பல்பில் இருக்கும் வகை. அதில் இரண்டு முளைகளும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும், தப்பாக நுழையக் கூடாது என்பதற்காகவே. பையன் அழுத்தித் திணித்துவிட்டான். அப்படி மாட்டினால் இருபத்தோரு வாட் கம்பி எப்போதும் எரியும், பிரேக் பிடிக்கும்போது ஐந்து வாட் கூடும், பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பாய் தலையில் தட்டவில்லை. பல்பைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்து, “கண்ண மூடிக்கிட்டு விரலால தடவிப் பாரு” என்றார்.

இந்தப் பையன் கற்றுக்கொள்வதற்கு எவ்வளவு நாள் வேலை இருக்கும் என்பது வேறு கேள்வி. ஏப்ரல் 1, 2017 முதல் விற்கிற புதிய இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரிந்தாக வேண்டும். பல வண்டிகளில் விளக்கு மொத்தமும் ஒட்டி மூடிய எல்.இ.டி. கூடு. கெட்டால் கூட்டையே மாற்ற வேண்டும், திறக்க ஒன்றுமில்லை. பாயிடம் வருகிற வண்டிகளின் வயது ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் எண்ணிக்கை குறையவில்லை. அப்பாவின் வண்டியைப் பிரித்துக் கட்டும் பிள்ளைகள் இருக்கும்வரை பிழைப்புண்டு என்கிறார்.

பிழைப்பில் இருக்கும் ஒரே சிக்கல் பில். வேலை முடிந்ததும் இளைஞர் எவ்வளவு என்று கேட்டார். பாய் சொன்ன தொகைக்கு அவர் புருவம் உயர்ந்தது: “பல்பு ரெண்டும் என்னோடதுதானே பாய்?”

பாய் பதில் சொல்லவில்லை. துண்டுச் சீட்டில் ‘வயரிங்’ என்று எழுதி, எதிரே தொகையைப் போட்டுக் கொடுத்தார். இளைஞர் பார்த்தார், பணத்தை எடுத்தார். அவர் போன பிறகு என்னிடம், “எர்த் சரி பண்ணேன்னு எழுதினா ஒருத்தனும் காசு தர மாட்டான் சார். வயரிங்னா தருவான்” என்றார் பாய்.