வெண்கலப் பானையும் விளையாட்டுக் கம்ப்யூட்டரும்

நமது பாட்டியார் வெண்கலப் பானை வாங்கப் போனால் அதன் பளபளப்பைப் பார்க்க மாட்டார். விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். அந்தச் சாமர்த்தியத்தில் நூற்றில் ஒரு பங்காவது நமக்கு வாய்த்திருந்தால், இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்திராது.

சமாசாரம் இதுதான். நாலு வருஷங்களுக்கு முன் நமது புதல்வன் விளையாடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் கேட்டான். உபாத்தியாயர் சம்பளத்தில் அது சின்ன விஷயமன்று. ஆயினும் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்தோம். கண்ணாடிக் கதவு; உள்ளே ஏழு வர்ணங்களில் சுழலும் விளக்குகள்; தீபாவளி மத்தாப்புத் தோற்றது போங்கள்! இரண்டு வருஷம் சென்றது. ஐப்பசி மழை இரவொன்றில் மின்சாரம் போய்த் திரும்பியது, ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகல் வாசனை. பெயர் தெரியாத மலிவு எஸ்.எம்.பி.எஸ். தான் போனதோடு மதர்போர்டையும் உடன் அழைத்துச் சென்றுவிட்டது. பையன் அழவில்லை. “பரவாயில்லை அப்பா” என்றான். அந்த வார்த்தைதான் நம்மைச் சுட்டது. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? விளக்குகளுக்கு மயங்கிப் பணம் கொடுத்தது நாமேயல்லவா?

இந்த வருஷம் மறுபடியும் சீட்டு எடுத்தோம், அறுபதினாயிரம் ரூபாய். பையன் எழுதிய பட்டியலில் கிராபிக்ஸ் கார்டுக்கே பாதிப் பணம் போயிற்று. நமது இல்லாள் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “இதில் பின்னால் தனியாக மாற்றக்கூடியது எது? எதை மாற்றினால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்?”

சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற நமக்கு இது தோன்றவில்லை!

யோசித்தால் விஷயம் முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கிவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டைச் செருகுவது பத்து நிமிஷ வேலை. மதர்போர்டை மாற்றுவதோ வீட்டைப் பிரித்துக் கட்டுவது போல. அதில் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டே பிரதானம். 2016-இல் ஏ.எம்.டி. கம்பெனியார் வெளியிட்ட ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு 2022-லும் புதிய பிராசஸர்கள் வந்தன. 2017-இல் வந்த இன்டெல் எட்டாம் தலைமுறையோ, சாக்கெட்டின் பெயர் மாறாதிருந்தும், முந்தைய மதர்போர்டுகளில் வேலை செய்ய மறுத்தது. 2022-இல் வந்த ஏ.எம்.5-க்கு 2027 வரையிலாவது ஆதரவு உண்டென்று ஏ.எம்.டி.யார் வாக்களித்திருக்கின்றனர். ஆகவே அதையே தேர்ந்தோம்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். ‘80 பிளஸ்’ முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதையே சொல்லும். ஆபத்தில் காக்குமா என்று சொல்லாது. தன் சரக்குக்கு ஓராண்டுக்கு மேல் பொறுப்பேற்கத் துணியாத கம்பெனியை நாம் ஏன் நம்ப வேண்டும்? ஏழு வருஷ வாரண்டியுள்ள 650 வாட் சாதனமாகப் பார்த்து வாங்கினோம். நாளைக்கு வரும் கார்டையும் அது தாங்கும்.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்கு நாலு தெரு தள்ளி நமது ஜாகை. ஜன்னல் கம்பியையே உப்புக் காற்று தின்றுவிடும். உப்பும் ஈரமும் தூசியோடு சேர்ந்து படிந்தால் துருவுக்குக் கொண்டாட்டம்தான். ஆகவே கண்ணாடிக்குப் பதில், காற்று தாராளமாகப் புகும் வலை முகப்பும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ள கேபினெட். மாதம் ஒருமுறை அதைச் சுத்தம் செய்வது பையன் பொறுப்பு.

மிச்சம் பிடித்தது எதில் என்று கேட்கிறீர்களா? கிராபிக்ஸ் கார்டில்தான்! அதை இப்போது வாங்கவே இல்லை. ரைசன் 5 8600ஜி பிராசஸரிலேயே அடங்கிய கிராபிக்ஸ், காட்சி நயத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டால், அநேக விளையாட்டுகளுக்குப் போதும். டேட்டா சென்டர்கள் வாரிக்கொண்டதால் 2025-ஆம் வருஷக் கடைசியில் ராம் விலை ஏறிவிட்டது. ஆகையால் 16 ஜி.பி.யோடு நிறுத்தினோம், அதுவும் இரண்டு எட்டாக. இரண்டும் சேர்ந்து இயங்கினால்தான் அந்த உள் கிராபிக்ஸுக்கு வேகம் வரும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து பார்த்து, “ஒரு விளக்குக்கூட இல்லையே!” என்றான். நமது புதல்வன் கேபினெட்டைத் தட்டிக் கொடுத்து, “அடுத்த வருஷம் கார்டு போடப் போகிறோம்” என்றான்.

அன்றைய ‘பரவாயில்லை’ எங்கே, இன்றைய ‘அடுத்த வருஷம்’ எங்கே! நமது காதில் அது நல்ல வெண்கலத்தின் நாதமாகவே ஒலித்தது.