பசுமைக் கட்டடத்தின் கோப்பு வேலை

மின்சாரம், நீர், கட்டுமானப் பொருள் ஆகியவற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்தி எழுப்பப்படும் கட்டடத்துக்குச் சான்றிதழ் வழங்கும் முறைகளுள், 2001-இல் தொடங்கப்பட்டு ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின் முறையும், அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் வகுத்த லீட் முறையும் இந்தியாவில் பரவலானவை. லீட்டின் நான்காம் பதிப்பில் மொத்தம் 110 புள்ளிகள். 50 பெற்றால் வெள்ளி, 60 பெற்றால் தங்கம், 80 பெற்றால் பிளாட்டினம். மதிப்பீட்டாளர் பெரும்பாலும் தளத்துக்கு வருவதில்லை. இணையவழி அனுப்பப்படும் ஆவணங்களையே ஆராய்கிறார் என்பதால், ஆவணம் இல்லாத நற்செயலுக்குப் புள்ளி கிடைப்பதில்லை.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையோரம் எழும் அலுவலகக் கட்டடங்களைப் போன்ற பெரிய தளங்களில், இவ்வாவணம் தொடங்குமிடம் ஆலோசகரின் கணினி அன்று, வாயிற்காவலரின் பதிவேடே. கழிவு லாரி வெளியேறும்போது வண்டி எண், கழிவின் வகை, சேருமிடம் ஆகியவை அதில் ஏறுகின்றன. எடைமேடைச் சீட்டு ஸ்டோர் கீப்பரிடம் சேர்கிறது. வெப்ப அச்சில் வரும் சீட்டு வெயிலிலும் புழுக்கத்திலும் மங்கிவிடும் என்பதால், கைதேர்ந்த ஸ்டோர் கீப்பர் அதை அன்றே நகலெடுத்து, மூலத்துடன் சேர்த்துப் பின் அடித்து வைக்கிறார். காயலான் கடைக்குப் போகும் கம்பித்துண்டு, பள்ளம் நிரப்பப் பயன்படும் கான்கிரீட் உடைசல், மரம், அட்டை என நான்கு வகையேனும் பிரித்து, கழிவில் 75 விழுக்காட்டைக் குப்பைமேட்டுக்குப் போகாமல் திருப்பியதை அச்சீட்டுகளின் கூட்டுத்தொகையே மெய்ப்பிக்கிறது.

பெயின்ட்டில் கணக்கு இன்னும் நுட்பமானது. காற்றில் எளிதில் ஆவியாகி மூச்சுக்குக் கேடு செய்யும் கரிமச் சேர்மங்கள் எவ்வளவு உள்ளன என்பதை உற்பத்தியாளரின் தரவுத்தாள் லிட்டருக்கு இத்தனை கிராம் எனக் காட்டுகிறது. ஒரே நிறுவனத்தின் பிரைமருக்கும் மேற்பூச்சுக்கும் தனித்தனித் தாள் வேண்டும். காலி டின் போன பிறகு லேபிளைத் தேடிப் பயனில்லை என்பதால், மூடி திறக்குமுன்பே மேற்பார்வையாளர் அதைப் படம் எடுத்துக்கொள்கிறார்.

அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 விழுக்காடு வரை கலந்த போசலானா சிமென்ட்டுக்கும் இத்தகைய கண்டிப்பு உண்டு. இச்சாம்பலைப் போல நுகர்வோர் கைக்கு வருமுன் ஆலைகளிலேயே உண்டாகும் கழிவுக்கு லீட் கணக்கில் பாதி மதிப்பே தரப்படுகிறது; அந்தப் பாதியைப் பெறவும், விளம்பர ஏடு போதாது, சரக்கு வந்த ஆலையின் கலப்பு விகிதத்தைக் குறிக்கும் கடிதம் வேண்டும்.

ஆவணப் பணி கடைசி மாதத்தில் ஒருவர் அமர்ந்து முடிக்கும் எழுத்து வேலை அன்று. கொத்தனார், பெயின்டர், வாயிற்காவலர், ஸ்டோர் கீப்பர் ஆகியோரின் அன்றாட வேலையோடு பின்னிய தொழில். ஸ்டோர் கீப்பர் இடையில் வேறு தளத்துக்கு மாறினால் கோப்பின் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. எனவே மண் தோண்டுவதற்கும் கம்பி கட்டுவதற்கும் போலவே, பதிவு செய்வதற்கும் ஒப்பந்தப் புள்ளியில் தனி இனமும் கூலியும் ஒதுக்குவதே முறை.