ஒரே ராத்திரியில் மாறிப்போன அத்தை

திங்கள் இரவு

மழை விட்டபாடில்லை. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து கோயம்புத்தூரிலிருந்து தேயிலை எஸ்டேட் வீட்டுக்கு வந்த பிறகு அத்தை நன்றாகத்தான் தேறி வந்தார். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி வாக்கரைப் பிடித்து வாசல் வரை நடந்தார். நேற்றுகூட என் மகளின் மார்க்கை விசாரித்தார். இன்று பொழுது சாய்ந்ததும் ஆளே மாறிவிட்டார். "கொழுந்து நிறுக்க நேரமாச்சு, என் பை எங்கே?" என்று கட்டிலைவிட்டு இறங்கப் பார்க்கிறார். எப்போதோ இறந்துபோன என் அப்பா சாப்பிட்டாரா என்று கேட்கிறார். மூலையில் யாரோ நிற்பதாகக் கை நீட்டுகிறார்.

செவ்வாய்

விடிந்ததும் தெளிவாகப் பேசினார். சற்று நேரத்தில் பேச்சுக்கு நடுவிலேயே கண் சொருகியது. எஸ்டேட் லைன் வீட்டுச் சனமெல்லாம் வந்து பார்த்தார்கள். ஒருவர் வயசாச்சு என்றார். இன்னொருவர் காத்துக்கருப்பு பட்டிருக்கும், மந்திரித்துவிடலாம் என்றார். பாசத்தில் சொன்னதுதான். ஆனாலும் ஜீப் பிடித்து வால்பாறை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம்.

டாக்டர் முதலில் கேட்டது, "எப்போதிருந்து இப்படி?" என்பதுதான். பிறகு அத்தையிடம், "ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லுங்கம்மா" என்றார். ஞாயிறு, சனி என்று தொடங்கியவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி அதோடு விட்டுவிட்டார். கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்த முடியாமல் போவதுதான் இந்தக் குழப்பத்தின் முக்கியமான அடையாளமாம். இதன் பெயர் டெலிரியம். மறதிநோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வளரும். இது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும். ஒரே நாளில் கூடும், குறையும்.

தண்ணீர் குடிக்கிறாரா, மலம் போகிறதா, சிறுநீர் எரிகிறதா, புதிதாகத் தூக்க மாத்திரையோ சளி மாத்திரையோ கொடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தை தெளிந்திருந்த நேரத்தில் அவரே சொன்னார்: "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வருது. ஒவ்வொரு தடவையும் உன்னைக் கூப்பிடணுமே கண்ணு."

புதன்

சிறுநீரில் கிருமித்தொற்று. ரத்தத்தில் சோடியம் குறைவு. காய்ச்சலே இல்லை. வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல், குழப்பமே முதல் அறிகுறியாக வருவதுண்டு என்றார் டாக்டர். டிரிப்ஸ் ஏறுகிறது, ஆன்டிபயாடிக் போகிறது. பக்கத்துக் கட்டில் பாட்டி பேச்சில்லாமல் சுருண்டு கிடக்கிறார். கூச்சல் போடுகிறவரை எல்லாரும் கவனித்துவிடுகிறோம். இப்படி அமைதியாகக் கிடப்பவரின் டெலிரியம்தான் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

வெள்ளி

டெலிரியத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்க மருத்துவர் ஷாரன் இனூயே அதைக் கண்டுபிடிக்கும் எளிய முறை ஒன்றை 1990-இல் வகுத்தார். 1999-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளைப் பற்றியது. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. கூடுதல் கவனிப்புப் பெற்றவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான். அந்தக் கூடுதல் கவனிப்பு என்ன? தண்ணீர் கொடுப்பது, எழுப்பி நடக்கவைப்பது, கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுவது, ராத்திரி தூங்கவிடுவது, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று பேசிக்கொண்டிருப்பது. லைன் வீட்டிலும் செய்ய முடியாதது இதில் எதுவும் இல்லை.

ஞாயிறு

தொற்று அடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டோம். குழப்பம் முழுசாகத் தெளிய இன்னும் சில வாரம் ஆகலாம் என்கிறார்கள். அத்தை மறுபடி வாக்கரைப் பிடித்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு, காலண்டர், அவர் கண்ணாடி மூன்றும் இருக்கின்றன. கேட்காமலே நேரத்துக்கு நேரம் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகிறோம்.

படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் கூச்சப்பட்டுத் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். நீங்களாகக் கேட்டுக் கொடுங்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று தடுமாறினால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் வால்பாறை, பொள்ளாச்சிக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ஊர். ராத்திரிவரை முற்றவிட்டுத் தவிப்பதைவிடப் பகலிலேயே கிளம்பிவிடுவது நல்லது. சாப்பிடுகிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.