இரண்டு சிடி, ஒரு கார்ட்ரிட்ஜ்

ஒரு சிடியில் ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும். அது போதாமல், நடமாடும் பிணங்கள் துரத்தும் 'ரெசிடென்ட் ஈவில் 2' 1998-ல் பிளேஸ்டேஷனுக்கு இரண்டு சிடிகளில் வந்தது. கதாநாயகன் லியோனுக்கு ஒன்று, நாயகி கிளேருக்கு ஒன்று. போட்டியாளரான நின்டெண்டோ 64-ல் சிடி போட வழியே இல்லை. கார்ட்ரிட்ஜைத்தான் செருகவேண்டும். அதில் கிடைத்த இடம் 64 மெகாபைட். யானையைப் பானைக்குள் அடைக்கிற வேலை. அதை ஏற்றுக்கொண்டது கலிபோர்னியாவின் ஏஞ்சல் ஸ்டூடியோஸ்.

பெரிய தலைவலி, நடுநடுவே ஓடும் சினிமாக் காட்சிகள். வெட்டி எறிந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர்களோ மனிதக் கண்ணின் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வெளிச்ச வித்தியாசம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். நிற வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. எனவே நிறத் தகவலில் கைவைத்தார்கள். பிரேம்களிலும் பலவற்றை விட்டுவிட்டு, இடைவெளியை ஓடும்போதே இயந்திரம் நிரப்பிக்கொள்ளும்படி செய்தார்கள்.

1999-ல் வெளிவந்தபோது படம் மங்கல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு கதைகளும் முழுசாக இருந்தன. போதாததற்கு, சிடியில் இல்லாத 'எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற புதிய குறிப்புகளுக்கும் அந்த 64 மெகாபைட்டில் இடம் கண்டுபிடித்திருந்தார்கள்!