பர்டூவுல யாரு பெரிய ஆளு?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. "இருக்கியா இல்லையா"ன்னு நாலு பேரு மெயில் போட்டு விசாரிச்சாச்சு. இருக்கேன் மக்கா. முனைவர் பட்டத்தோட அஞ்சாவது வருஷத்துல ஒரு மனுஷன் எவ்வளவு இருக்க முடியுமோ அவ்வளவு இருக்கேன்.

இன்னிக்கு ஆய்வைப் பத்திப் புலம்பப் போறதில்ல. மூணு வாரமா எங்க ஆய்வுக்கூடத்துல மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் முழுங்கிட்டிருக்கற ஒரு சண்டையைப் பத்தின பதிவு இது. எங்க பர்டூ பல்கலைக்கழகத்துல படிச்சு, இங்க ஃபுட்பால் ஆடி, அப்புறம் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-லுக்குப் போனவங்கள்ல யாரோட ஆட்ட வாழ்க்கை ஆகப் பெருசு?

"எங்களுக்கு அந்த ஆட்டமே தெரியாதேப்பா"ன்னு ஓடிடாதீங்க. மூணு வரி போதும். முட்டை வடிவப் பந்து. பக்கத்துக்கு 11 பேர். பந்தைக் கையில வாங்கி, யாருக்கு எறியறதுன்னு கண்ணிமைக்கற நேரத்துல முடிவு பண்றவர் குவார்ட்டர்பேக். பந்து பிடிக்க ஓடற ஆளை நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டு, பிடிக்க விடாம கெடுக்கற எதிரணிக்காரர் கார்னர்பேக். அவரே பந்தைப் பறிச்சுட்டா அதுக்குப் பேரு இண்டர்செப்ஷன். பாடம் முடிஞ்சுது.

பர்டூ இருக்கறது இண்டியானா மாநிலத்துல வெஸ்ட் லஃபாயெட். சுத்தி சோளக்காடு. நிலாவுல கால் வெச்ச நீல் ஆர்ம்ஸ்ட்ராங் படிச்ச இடம். அணிக்குப் பேரு பாய்லர்மேக்கர்ஸ், அதாவது கொதிகலன் செய்யறவங்க. சின்னம் ஒரு ரயில் எஞ்சின். ஊரே சின்னது, ஆனா ராஸ்-ஏட் மைதானத்துல அறுபதாயிரம் பேர் உக்காரலாம். இங்கிருந்து போன மூணு குவார்ட்டர்பேக்குங்க சூப்பர் பவுல் ஜெயிச்சிருக்காங்க. அதனால 'குவார்ட்டர்பேக்குகளின் தொட்டில்'னு ஒரு பட்டமும் உண்டு. சண்டைக்கான விதையே அந்தப் பட்டம்தான்.

சண்டைக்காரங்க நாலு பேர். வீட்டுல எல்லாருமே பர்டூ வெறியர்களா இருக்கற ஒரு இண்டியானாக்காரன். நியூ ஆர்லியன்ஸ்லேர்ந்து வந்த ஒரு பொண்ணு. எனக்கு சீனியரான ஒரு மதுரை அண்ணன். அப்புறம் உங்கள் அடியேன். இனி ஒவ்வொருத்தரா பாப்போம்.

லென் டாசன்

1957-ல பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் இவரை முதல் சுற்றுலயே எடுத்தாங்க. மொத்த நாட்டுலயும் அஞ்சாவது தேர்வு! எடுத்துட்டு என்ன பண்ணாங்க? பெஞ்சுல உக்கார வெச்சாங்க. மூணு வருஷம் பிட்ஸ்பர்க் பெஞ்சு, ரெண்டு வருஷம் கிளீவ்லாண்ட் பெஞ்சு. ஆகமொத்தம் அஞ்சு வருஷம்.

1962-ல ஹாங்க் ஸ்ட்ராம் கூப்பிட்டாரு. அவரும் பர்டூ ஆளு, டாசன் இங்க ஆடினப்போ உதவிப் பயிற்சியாளரா இருந்தவரு. அப்ப போட்டி லீகா முளைச்சிருந்த ஏ.எஃப்.எல்-ல டல்லாஸ் டெக்சன்ஸுக்குப் பயிற்சியாளர். டாசன் வந்து எறியறதைப் பாத்தா, கை துருப்பிடிச்சுக் கிடக்கு. ஆனா ஸ்ட்ராம் விடல. அந்த வருஷமே டெக்சன்ஸ் லீகு சாம்பியன். அடுத்த வருஷம் அணி கான்சாஸ் சிட்டிக்குப் போய் சீஃப்ஸ் ஆச்சு. 1967 ஜனவரியில நடந்த முதல் சூப்பர் பவுல்ல கிரீன் பே கிட்ட 35-10-னு தோல்வி. மூணு வருஷம் கழிச்சு, 1970 ஜனவரியில, எல்லாரும் மினசோட்டாதான் ஜெயிக்கும்னு சொல்லிட்டிருக்க, 23-7-னு கவுத்தாங்க. ஆட்ட நாயகன் டாசன்.

பகல்ல பயிற்சி, சாயங்காலம் உள்ளூர் டிவில விளையாட்டுச் செய்தி வாசிப்புன்னு ரெண்டு வேலையும் பாத்த மனுஷன். 1975 வரைக்கும் ஆடினாரு. 2022-ல காலமானாரு.

பாப் க்ரீஸி

1967-ல மயாமி டால்ஃபின்ஸுக்குப் போனவர், 14 வருஷமும் அங்கேயேதான். 1972-ல அந்த அணி 17 ஆட்டம் ஆடி பதினேழையும் ஜெயிச்சுது. ஒரு தோல்வி, ஒரு டிரா கூடக் கிடையாது. ஆனா அஞ்சாவது ஆட்டத்துலயே க்ரீஸிக்குக் கால் போச்சு. நடுவுல அத்தனை ஆட்டத்தையும் எர்ல் மோரல்ங்கற வயசான மாற்று ஆட்டக்காரர்தான் கரையேத்தினாரு. க்ரீஸி அரையிறுதியில பாதியில இறங்கி, சூப்பர் பவுலை ஜெயிச்சுக் குடுத்தாரு. அடுத்த வருஷமும் கோப்பை. அந்த இறுதி ஆட்டத்துல அவர் பந்தை எறிஞ்சது மொத்தமே ஏழு தடவை!

மதுரை அண்ணன் ஒரே வரியில முடிச்சுட்டாரு: "ஏழு பந்து ஆடி கப்பு வாங்குனவன் கெட்டிக்காரன்தான்டா, ஆனா அந்த டீமு யாரு இருந்திருந்தாலும் ஜெயிச்சிருக்கும்." கொஞ்சம் கொடூரமான தீர்ப்பு. ஆனா யாரும் எதுத்துப் பேசல.

ட்ரூ ப்ரீஸ்

இப்பதான் உண்மையான சண்டை. ப்ரீஸ் டெக்சாஸ்காரர். அங்க இருக்கற பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இவர் குள்ளமா தெரிஞ்சாரு. ஆறடி உயரம் குள்ளமாம்! (நாமெல்லாம் எங்க போய் நிக்கறது?) பர்டூ கூப்பிட்டுச்சு, வந்தாரு, அணியை 2001 ரோஸ் பவுல் வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு. 2001-ல சான் டியேகோ இவரை 32-ஆவது ஆளா எடுத்தாங்க. 2005-ஓட கடைசி நாள்ல நடந்த ஆட்டத்துல, எறியற தோளே கிழிஞ்சு போச்சு. மயாமி டாக்டருங்க யோசிச்சாங்க. நியூ ஆர்லியன்ஸ் மட்டும் முழு மனசா வான்னு சொல்லுச்சு.

அதுக்கு நாலு மாசம் முன்னாடிதான் கத்ரீனா புயல்ல அந்த ஊரே மூழ்கியிருந்துச்சு. சூப்பர்டோம் மைதானம் அகதி முகாமா மாறி, கூரை பிய்ஞ்சு கிடந்துச்சு. 2005-ல அந்த அணிக்கு ஆட சொந்த மைதானமே இல்ல. பதினாறுல மூணு ஆட்டம்தான் ஜெயிச்சாங்க. 2006 செப்டம்பர் 25-ஆம் தேதி சூப்பர்டோம் திரும்பத் திறந்து, அட்லாண்டாவை 23-3-னு ஜெயிச்சாங்க. 2010 பிப்ரவரியில இண்டியானாபோலிஸை 31-17-னு தோக்கடிச்சு சூப்பர் பவுல். ஆட்ட நாயகன் ப்ரீஸ். 2021-ல ஓய்வு பெறும்போது 80,358 கெஜம் எறிஞ்சிருந்தாரு. அதுவரைக்கும் எவனும் எறியாத தூரம். 571 டச்டவுன் வேற. ஒரே சீசன்ல 5,000 கெஜத்தைத் தாண்டறதே பெரிய விஷயம். இவர் அதை அஞ்சு தடவை பண்ணாரு.

நியூ ஆர்லியன்ஸ் பொண்ணு கணக்கெல்லாம் சொல்லல. "எனக்கு அப்ப எட்டு வயசு. ஹூஸ்டன்ல சித்தி வீட்டுல தரையில படுத்துக்கிட்டு அந்த செப்டம்பர் ஆட்டத்தைப் பாத்தோம். ஆட்டம் முடிஞ்சதும் அப்பா, 'ஊருக்குத் திரும்பிடலாம்'னாரு. நாங்க போயிட்டோம்"னு சொல்லிட்டு டிபன் பாக்ஸை மூடிட்டா. அதுக்கு அப்புறம் அன்னிக்கு யாரும் வாயைத் திறக்கல.

ராட் உட்சன்

மறுநாள் இண்டியானாக்காரன் தயாரா வந்தான். உட்சன் இந்த மண்ணோட புள்ள. ஃபோர்ட் வெய்ன் நகரம். 1987-ல ஸ்டீலர்ஸ் பத்தாவது ஆளா எடுத்தாங்க. 17 சீசன், 71 இண்டர்செப்ஷன். அதுல 12-ஐ அப்படியே எதிர்த்திசையில ஓடிக் கொண்டுபோய் டச்டவுன் ஆக்கினாரு. ஓய்வு பெற்றப்போ அது சாதனை. 1993-ல லீகோட சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது.

1995 சீசனோட முதல் ஆட்டத்துலயே முழங்கால் தசைநார் அறுந்துச்சு. வேற யாரா இருந்தாலும் அந்த வருஷம் அவ்வளவுதான். இவர் அதே சீசனோட சூப்பர் பவுலுக்குத் திரும்பி வந்து, ஒரு பந்தைத் தட்டிவிட்டுட்டு, தன் முழங்காலை விரலால சுட்டிக் காட்டினாரு. (அந்த ஆட்டத்துல அணி தோத்துச்சு, அது வேற கதை.) வயசாகி வேகம் குறைஞ்சப்போ கார்னர்பேக் இடத்தை விட்டு, பின்னால நின்னு களத்தையே படிக்கற சேஃப்டி இடத்துக்கு மாறினாரு. 2000 சீசன்ல பால்டிமோர் ரேவன்ஸ் தடுப்பாட்டத்துல இவரும் ஒரு தூண். 16 ஆட்டத்துல 165 புள்ளிதான் குடுத்தாங்க. சூப்பர் பவுல்ல எதிரணி எடுத்த ஒரே டச்டவுன் கூட, உதைச்ச பந்தைப் பிடிச்சு ஓடி வந்தது. தடுப்பாட்டக்காரங்க கிட்ட ஒரு புள்ளி கூட எடுக்க முடியல.

இப்ப என் கட்சி.

நான் உட்சன் பக்கம். காரணம் சொல்றேன். குவார்ட்டர்பேக் பண்றதெல்லாம் எண்ணிக்கையில விழும். கெஜம், டச்டவுன், சதவீதம்னு எல்லாம் ஏட்டுல ஏறிடும். கார்னர்பேக் வேலை அப்படியே தலைகீழ். அவர் ரொம்ப நல்லா ஆடினா, அவர் பக்கம் பந்தே வராது. எதிரணி குவார்ட்டர்பேக் ஒரு தடவை அந்தப் பக்கம் பாப்பாரு, வேண்டாம்னு வேற ஆளுக்கு எறிவாரு. வராத பந்துக்கு எந்த ஏட்டுல கணக்கு எழுதுவீங்க? மதுரை அண்ணன் இதை நம்ம பாஷையில சொன்னாரு: "கீப்பர் பைஸ் விட்டா எழுதுவான். விடாம தடுத்ததை எவன் எழுதறான்?" ஆள் பாயிண்டைப் பிடிச்சுட்டாரு. எறிய யோசிக்க வெச்ச ஆள் மேலயும் எறிஞ்சுதான் அந்த 71 வந்திருக்கு.

இன்னொரு சாட்சி. 1994-ல லீகோட 75-ஆம் ஆண்டுக்குச் சிறந்த அணி ஒண்ணை அறிவிச்சப்போ, அதுல அப்ப இன்னும் ஆடிட்டிருந்தவங்க விரல் விட்டு எண்ணற அளவுதான். அதுல உட்சன் ஒருத்தர். 2019-ல நூறாவது ஆண்டு அணியிலயும் இருக்காரு. அந்த நூறாண்டு அணியில பத்து குவார்ட்டர்பேக்குக்கு இடம் குடுத்தாங்க. பத்து பேர்ல ப்ரீஸ் இல்ல.

அந்தப் பொண்ணு சிரிச்சா. "ஒரு ரூம்ல உக்காந்து சிலபேரு போட்ட பட்டியல். ஒரு ஊரு திரும்பி வந்ததை அதுல எந்த வரிசையில எழுதுவாங்க?"ன்னா.

எனக்கு உடனே பதில் வரல. யோசிச்சுப் பாத்தா, என் வாதத்தை எடுத்து என்கிட்டயே திருப்பிக் குடுத்திருக்கா. எண்ணிக்கையில விழாததுதான் பெருசுன்னு நான் உட்சனுக்குச் சொன்னேன். அவ அதையே ப்ரீஸுக்குச் சொல்றா. 80,358 கெஜத்தை நான் தள்ளுபடி பண்ணலாம். ஹூஸ்டன்லேர்ந்து வீட்டுக்குத் திரும்பின ஒரு குடும்பத்தை எப்படித் தள்ளுபடி பண்ண?

ஆனாலும் கட்சி மாறல. கேள்வி களத்துக்குள்ள நடந்ததைப் பத்தி. களத்துக்குள்ள, தன் இடத்துல, தன் காலத்துல ஆகச் சிறந்த ஒருத்தனா இருந்தது உட்சன்தான். ப்ரீஸ் காலத்துல டாம் பிரேடியும் பெய்டன் மானிங்கும் இருந்தாங்க. லீகோட வருஷ நாயகன் விருது ஒரு தடவை கூட ப்ரீஸ் கைக்கு வரல. ஒரு ஊருக்கு யாரு அதிகம் குடுத்தாங்கன்னு கேட்டா, முதல் ஓட்டு நானே ப்ரீஸுக்குப் போடறேன்.

அப்போ டாசன்? அவரை யாருமே முதல் இடத்துக்குச் சொல்லல, நானும் சொல்லல. ஆனா போன வாரம் என் ஆய்வுக் கட்டுரை ரெண்டாவது தடவையா திரும்பி வந்த ராத்திரி, நான் தேடிப் படிச்சது உட்சனைப் பத்தி இல்ல, 1961-ல கிளீவ்லாண்ட் பெஞ்சுல உக்காந்திருந்த டாசனைப் பத்தி. அஞ்சு வருஷம் கை துருப்பிடிக்க உக்காந்திருந்தவன் பதினாலு வருஷம் ஆடியிருக்கான். காலைல எழுந்து கட்டுரையைத் திறந்து மூணாவது படத்தைத் திருத்த ஆரம்பிச்சேன். இப்பவும் திருத்திட்டுதான் இருக்கேன்.

டிஸ்கி: க்ரீஸி ரசிகர்கள் யாராவது இருந்தா மன்னிக்கணும். 1977-ல மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டே களத்துல இறங்கின மனுஷன் அவர். சோடாபுட்டி சங்கத்தோட ஆயுள் உறுப்பினர்ங்கற முறையில என் தனிப்பட்ட வணக்கம் அவருக்கு எப்பவும் உண்டு.