பெயரும் பாதுகாவலும்

குழந்தைக்குப் பெயரிடுதல் என்பது கத்தோலிக்கர்க்கு அழைப்பதற்கோர் ஒலியைத் தேடுதல் மட்டுமன்று. அக்குழந்தையை ஓர் அர்ச்சிஷ்டவரின் காவலில் ஒப்புவித்தலுமாகும். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் சூசை, அருளப்பன், சின்னப்பன், சவரிமுத்து, அடைக்கலம் முதலிய பெயர்கள் தலைமுறைதோறும் வழங்கி வருகின்றன. அருளப்பன் என்பது யோவான் என்னும் பெயரின் பொருளையும், சின்னப்பன் என்பது பவுல் என்னும் பெயரின் பொருளையும் தழுவித் தமிழில் மலர்ந்தவை. அடைக்கலம் என்பதோ எங்கள் பகுதிக்குப் பெரிதும் உரிமையுடையது. கொள்ளிடத்தின் வடகரைப் பக்கத்தே விளங்கும் ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அங்கே தேவமாதாவை அடைக்கல மாதாவாகப் போற்றிக் கலம்பகமும் பாடியவர் வீரமாமுனிவர்.

அம்முனிவர் தமது தேம்பாவணிக்குத் தலைவராகக் கொண்டவரோ அர்ச். சூசையப்பர். 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட அப்பெருங்காப்பியத்தின் தலைவர், சுவிசேஷங்களில் ஒரு சொல்லேனும் பேசியதாகக் காணப்படவில்லை என்பது வியக்கத்தக்கது. கட்டளை கேட்டவுடன் எழுந்தார். தாயையும் சேயையும் காத்தார். தச்சுத் தொழில் செய்து பிழைத்தார். அவரைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் இவையே.

"இறைவனிடம் நேரே வேண்டலாகாதோ? இடையே ஒருவர் எதற்கு?" என்று விடுதித் தோழரொருவர் என்னை வினவியதுண்டு. ஆராதனை சர்வேசுரன் ஒருவருக்கே உரியது. அர்ச்சிஷ்டவர்களுக்கு நாம் செலுத்துவது வணக்கமே. அவர்கள் நமக்காக இறைவனை மன்றாடுகின்றனர் என்பதும், அவர்களது உதவியை நாடுதல் நன்றென்பதும் திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டில் உரைத்த போதனை. தாயிடம், "எனக்காகச் செபியுங்கள்" என்று கேட்பது இறைவனை விலக்குவதாகாதன்றோ? இவ்வாறு விடை கூறினேன். எனினும், இவ்விடையின் முழுப்பொருளை என் இல்லத்திலேயே கண்டேன்.

சூசையப்பர் பெயரைத் தாங்கிய என் தந்தையார் கொத்துவேலை செய்தவர். பெரம்பலூர் முதல் அரியலூர் வரை அவர் கைபட்டு எழுந்த சுவர்கள் பல. அவர் கடும்பிணியுற்றபோது, என் தாயார் திருக்காவலூருக்கு நேர்ச்சை செய்தார். நோய் தணியவில்லை. தந்தையார் தம்மிடம் வேலை செய்த ஆட்களை ஒவ்வொருவராக வரவழைத்து, அவரவர்க்குச் சேரவேண்டிய கூலியைத் தீர்த்தார். அவஸ்தைப்பூசுதல் பெற்றார், சூசையப்பர் செபத்தை எங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டார், அமைதியாக உயிர்துறந்தார்.

முப்பதாம் நாள் கழிந்தபின் தாயார் நேர்ச்சையைச் செலுத்தப் புறப்பட்டார். கேட்டது கிட்டாதபோது நேர்ச்சை எதற்கென்று வினவினேன். "தந்தால் கொடுப்பதற்கு இது கூலியா, தம்பி? உன் அப்பாவை அவர் தனியே விடவில்லை" என்றார்.

சேசுநாதரும் மரியன்னையும் அருகிருக்கச் சூசையப்பர் மரித்தார் என்பது பாரம்பரியம். ஆதலின் அவரை நன்மரணத்தின் பாதுகாவலர் என்கிறோம். 9-ஆம் பத்திநாதர் 1870-இல் அவரை அகில திருச்சபைக்கும் பாதுகாவலராக அறிவித்தார். 12-ஆம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். திருச்சபை முழுவதையும் காப்பவர், கூலிக்கணக்கைத் தீர்த்துவிட்டுக் கண்மூடும் ஓர் ஏழைக் கொத்தனாரின் கட்டிலருகிலும் நிற்கிறார் என்பதே பாதுகாவலின் பெருமை.

மாணவ நண்பர்களே! தேர்வுக் காலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுதல் குற்றமன்று. ஆனால் பாதுகாவலர் நம் விருப்பங்களை நிறைவேற்றித் தரும் ஏவலர் அல்லர். துன்பம் நீங்கினும் நீங்காவிடினும் நம்மோடு வழிநடப்பவர் அவர். அவர் பெயரை நாம் சுமப்பது, அவர் நடந்த வழியில் நாமும் நடப்பதற்கே.