அம்மா பேரில் ஏறிய கிலோ

சாமை அறுத்துக் களத்தில் அடித்து முடித்தால் எங்கள் ஜவ்வாது மலையில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி வரும் காலம். ஜமுனாமரத்தூரில் அப்பாவை டீக்கடைக்குக் கூட்டிப்போய் முன்பணம் கொடுப்பார். வீடு வந்து சேருவதற்குள் அதில் பாதி கரைந்திருக்கும். விதைக் கடன், ஆயாவின் வைத்தியம், அக்கா கல்யாணத்தில் நின்ற பாக்கி. அந்தப் பணம் கழியும்வரை நாங்கள் மேஸ்திரியின் ஆட்கள். மார்கழிப் பனியில் சட்டி பானையோடு மலை இறங்குவோம். திருப்பத்தூர் வரை பஸ், ஜோலார்பேட்டையில் ரயில், அப்புறம் மைசூர் தாண்டிக் குடகு. 1980களின் கடைசி அது. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு எட்டு.

காப்பிப் பழம் பறிப்பது பார்க்க லேசான வேலைதான். கொத்தை உள்ளங்கையில் ஏந்திக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக உருட்டிக் கழற்ற வேண்டும். கொத்தோடு பிய்த்தால் செடி கெட்டுப்போகும் என்று மேஸ்திரி கத்துவார். காலையில் இலையெல்லாம் பனி சொட்டும். சட்டைக் கை முழங்கைவரை நனைந்து உடம்பு நடுங்கும். கிளையை வளைத்தால் செவ்வெறும்பு கழுத்தில் கொட்டும். பழத்தின் தித்திப்புப் பசை விரலில் காய்ந்து கறுத்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. உயரக் கிளைகள் அம்மாவுக்கு. இடுப்புக்குக் கீழே இருப்பதும் தரையில் உதிர்ந்ததும் எங்களுக்கு. சருகைக் கிளறிப் பழம் பொறுக்கச் சின்னக் கைதான் தோது என்பார்கள்.

சாயங்காலம் மூட்டைகளைத் தொங்கு தராசில் மாட்டி, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் எடை சொல்வார். ஈரம் என்று கொஞ்சம் கழிப்பார், பச்சைக்காய் என்று இன்னும் கொஞ்சம். மீதி, நோட்டில் அம்மா பேருக்கு நேரே ஏறும். ஒருநாள் நான் கேட்டுவிட்டேன்.

“சார், நான் பறிச்சத எம்பேர்ல எழுதுங்க சார்.”

“உனக்கு எதுக்குடா தனிப் பேரு? அம்மாவுக்கு ஒத்தாசைதான பண்ற?”

அம்மா என் தோளை அழுத்தினாள். “சும்மா இரு கண்ணு. சார் கோச்சுக்குவாரு.”

பிற்பாடு உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ந்து படித்து மேலே வந்து, சட்டப் புத்தகங்களைத் தேடிப் பிடித்து வாசித்தேன். நாங்கள் பறித்த காலத்தில் ஏட்டில் சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம், திருத்தங்களுக்குப் பிறகு, சிறுவர்களுக்கு வாரம் 27 மணி நேரம்தான் என்று வரம்பு கட்டியிருந்தது. மருத்துவரின் தகுதிச் சான்றும் வேண்டும். 1986ஆம் வருடக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி, தீப்பெட்டி, கம்பளம் போன்ற வேலைகளைத் தடைசெய்து, தடைப் பட்டியலில் வராதவற்றுக்கு நேரம் குறித்தது, அந்த நேரப் பகுதி அமலுக்கு வந்தது 1993இல்தான் என்றாலும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேர ஓய்வு, ஓய்வையும் சேர்த்து நாளுக்கு ஆறு மணி நேரம், காலை எட்டுக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் கூடாது. எட்டு மணிக்கெல்லாம் எங்கள் முதல் பை நிரம்பியிருக்கும். கூலி விஷயத்தில் 1948ஆம் வருடக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பெரியவர்களுக்கு ஒரு விகிதம், சிறுவர்களுக்கு வேறு விகிதம் என்று வைக்க இடம் கொடுத்தது. எங்களுக்கு அந்தக் குறைந்த விகிதம்கூட இல்லை. கிலோவுக்குக் கூலி என்று ஆனபின் வயதும் தேவையில்லை, மணியும் தேவையில்லை. சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்த இரண்டையும் தராசு ஒரே நொடியில் அழித்துவிடும்.

குழந்தைத் தொழிலாளர் என்றால் எல்லோருக்கும் சிவகாசி ஞாபகம் வரும். வரவேண்டியதுதான். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. தொழிற்சாலையில் கதவு இருக்கிறது, கதவைத் தட்டிப் பார்க்கலாம். மலைச் சரிவில் செடிக்கடியில் குந்தியிருக்கும் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? 2016 திருத்தம் 14 வயதுக்குள் எந்த வேலையும் கூடாது என்று சொன்னபோது எனக்குக் கண் நிறைந்தது. பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம் என்ற விலக்கைப் படித்ததும் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. ரைட்டர் அன்று என்னிடம் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். எஸ்டேட் எங்கள் குடும்பத் தொழில் இல்லை. ஆனால் தாயின் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைக் காட்டி, ஒத்தாசைக்கு வந்தது என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்.

ஜீப் சத்தம் கேட்டால் எங்களை ஓடைப்பக்கம் விரட்டிவிடுவார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் பெரியவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இன்று அந்த ஆய்வு வேலையில் இருப்பவர்களிடம் நான் கேட்பதெல்லாம், பிள்ளைகளைத் தேடுவதோடு எடை நோட்டையும் வாங்கிப் பாருங்கள் என்பதுதான். ஒருநாள் அம்மா காய்ச்சலில் எஸ்டேட் லைன் வீட்டில் எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்தாள். நானும் தம்பியும் அப்பாவோடு போனோம். அன்றைக்கும் அவள் பேருக்கு நேரே இருபது கிலோவுக்கு மேல் ஏறியது. எஸ்டேட்டில் ஆள்வருகைப் பதிவேடு தனியாக உண்டு. அதில் அவள் வராத நாள்.